எல்எஸ்3/5ஏ-யை வீட்டில் கட்டுவது: நகல் ஸ்பீக்கரில் நாம் நகலெடுப்பது எதை?

உலகம் முழுக்க வீட்டில் ஸ்பீக்கர் கட்டுபவர்கள் அதிகம் நகலெடுக்க முயன்ற பெட்டிகளில் ஒன்று ஷூ டப்பாவைவிடப் பெரிதில்லை. பிபிசியின் எல்எஸ்3/5ஏ. உயரம் சுமார் 305 மி.மீ., அகலம் 190, ஆழம் 165. உள்ளே கீழ் ஒலிகளுக்கு ஐந்து அங்குல ஊஃபர் ஒன்று, மேல் ஒலிகளுக்குச் சின்ன ட்வீட்டர் ஒன்று. பார்த்தால், ஒரு ஆசாரியும் ஒரு சனிக்கிழமையும் கிடைத்தால் முடிந்துவிடும் வேலை என்றே தோன்றும். அப்படி நினைத்துச் செய்த பெட்டிகள் பெரும்பாலும் தோற்றத்தில்தான் ஒத்துப்போகின்றன.

பெயரிலேயே காரணம் இருக்கிறது. எல்எஸ் என்றால் லவுட்ஸ்பீக்கர். 3 என்பது ஸ்டுடியோவுக்கு வெளியே நடக்கும் ஒலிபரப்புக்கான வரிசை. வண்டிக்குள் இருக்கும் குறுகலான கட்டுப்பாட்டு அறையில் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, ஹெட்ஃபோனை நம்பித் தரத்தை முடிவுசெய்யவும் முடியவில்லை. அதற்காக 1970களின் தொடக்கத்தில் பிபிசியின் ஆய்வுப் பொறியாளர்கள் எல்எஸ்3/5 என்ற சிறிய ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். பிறகு அதில் பயன்படுத்திய கேஇஎஃப் நிறுவனத்தின் இரண்டு டிரைவர்களின், அதாவது ஊஃபர், ட்வீட்டர் இரண்டின், தன்மையும் மாறிப்போனது. டிரைவர்களின் பெயர் அதே. ஆனாலும் ஒலியைக் கீழ், மேல் எனப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் பழைய கிராஸ்ஓவர் சுற்று பொருந்தவில்லை, முழுக்க மறுபடி வடிவமைக்க வேண்டியதாயிற்று. அந்த மறுவடிவத்துக்குத்தான் கடைசியில் 'ஏ' சேர்ந்தது. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூவர் எழுதிய 1976-ஆம் ஆண்டு அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. பிபிசி தன் ஆய்வு அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பலகை வாங்கப் போகும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

1980களின் பிற்பகுதியில் இன்னொரு முறையும் ஊஃபரும் கிராஸ்ஓவரும் மாறின. அதனால்தான் மின்மறுப்பை (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடையை) வைத்து 15 ஓம் எல்எஸ்3/5ஏ, 11 ஓம் எல்எஸ்3/5ஏ என்று இரண்டு வகை. வடிவமைத்தவர்களே டிரைவர் சற்று மாறியதும் கிராஸ்ஓவரை மாற்ற வேண்டியிருந்தது என்றால், கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஐந்து அங்குல ஊஃபரை அதே அளவுப் பெட்டியில் திருகிவிட்டு எல்எஸ்3/5ஏ என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

நகல் என்பது மூன்று வகை

முதல் வகை, அதே டிரைவர்கள், அதே பெட்டி, அதே கிராஸ்ஓவர். அதாவது மறுபதிப்பு. எல்எஸ்3/5ஏ-க்கு இது இன்றும் நடக்கக்கூடியது. அதன் ஊஃபரான பி110-ஐயும் ட்வீட்டரான டி27-ஐயும் முதலில் வடிவமைத்தவர் கேஇஎஃப்-இல் பணியாற்றிய மால்கம் ஜோன்ஸ். அவர் பிறகு தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் இந்த இரண்டையும் மறுபடி தயாரித்து, கிராஸ்ஓவரோடு கிட்டாகவும் விற்கிறது. மலிவில்லை, ஆனால் யூகம் எதுவும் தேவைப்படாத வழி இதுதான்.

இரண்டாவது வகை, வேறு டிரைவர்களை வைத்து அதே குணத்தை எட்டுவது. அளந்து, கணினியில் கணக்கிட்டு, கிராஸ்ஓவரைப் புதிதாக உருவாக்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இதுதான் சுவையான பாதை.

மூன்றாவது, படத்தைப் பார்த்துப் பெட்டி செய்து, ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு ஒன்றை உள்ளே ஒட்டுவது. பணமும் பிளைவுட்டும் வீணாகும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

எல்லா ஸ்பீக்கரும் நகலெடுக்க ஏற்றதல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். புரோஏக் ரெஸ்பான்ஸ் 2.5-ஐ ஏராளமானோர் வீட்டில் கட்டியதற்குக் காரணம், அதில் இருந்தவை டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக் டிரைவர்கள். ஒத்த மாடல்களைச் சில்லறையில் வாங்க முடிந்தது. டிரைவரைத் தானே தயாரித்து வெளியே விற்காத நிறுவனத்தின் ஸ்பீக்கரை மறுபதிப்புச் செய்யவே முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. பல நிறுவனங்கள் டிரைவர் தயாரிப்பாளரிடம் சொல்லி காயிலையோ (உள்ளிருக்கும் கம்பிச் சுருளையோ) கோனின் (ஒலி எழுப்பும் கூம்பின்) பூச்சையோ தங்களுக்கென்று மாற்றி வாங்குகின்றன. வெளித்தோற்றம் அச்சு அசலாக அதேதான், காந்தத்தின் பின்னால் ஒட்டிய எண்ணில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். பழைய பி110 தேடுபவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 15 ஓம் வகைக்கு உரியது எஸ்பி1003, 11 ஓம் வகைக்கு எஸ்பி1228. இரண்டுமே பி110தான். ஒன்றின் கிராஸ்ஓவரில் மற்றொன்றைப் போட்டால் பாட்டு வரும், அந்தப் பாட்டு மட்டும் வராது.

பெட்டியின் கொள்ளளவு: ஒரே ஒரு கணக்கு

மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஊஃபருக்குப் பின்னால் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் இறுகும், ஒத்திசைவு அதிர்வெண் மேலே ஏறும், பேஸ், அதாவது கீழ் ஒலி, சீக்கிரமே சரியத் தொடங்கும். இதை முறையான கணக்காக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். ஊஃபரின் தரவுத்தாளில் இருக்கும் தீல்-ஸ்மால் எண்களில் மூன்று நமக்குப் போதும்: தனி ஒத்திசைவு அதிர்வெண், மொத்த கியூ (அந்த ஒத்திசைவு எவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பதன் அளவு), சமான காற்றுக் கொள்ளளவு (கோனைத் தாங்கும் பகுதியின் இறுக்கத்துக்கு இணையான காற்றின் அளவு).

ஓர் ஊஃபருக்கு இவை முறையே 40 ஹெர்ட்ஸ், 0.35, 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 5 லிட்டர். 15-ஐ 5-ஆல் வகுத்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 4, அதன் வர்க்கமூலம் 2. பெட்டிக்குள் போனதும் முதல் இரண்டு எண்களும் இந்த 2-ஆல் பெருகும். ஒத்திசைவு 80 ஹெர்ட்ஸ், கியூ 0.70. கியூ 0.7-ஐ ஒட்டி இருந்தால் பேஸ் மேடில்லாமல் சமமாகச் சரியும். அதே பெட்டியில், மற்ற எண்கள் அப்படியே இருக்க, கியூ 0.5 உள்ள ஊஃபரைப் போட்டால் 1.0 ஆகிவிடும். சரிவுக்கு முன் ஒரு மேடு எழும், ஆண் குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கனக்கும்.

எல்எஸ்3/5ஏ-யின் பெட்டி உள்ளே ஏறத்தாழ 5 லிட்டர். அதிலும் பேஸ் பகுதியில் இப்படி ஒரு மேடு உண்டு. சின்னப் பெட்டியில் கனமான பேஸ் இருப்பதுபோல் காது ஏமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இரண்டாம் வகை நகல் செய்பவர், 5 லிட்டரில் கணக்கிட்டால் கியூ 0.9-க்கும் 1.2-க்கும் இடையில் வரும் ஊஃபரைத் தேடினால் மூலத்தின் குணத்துக்கு நெருங்குவார். சமமான பேஸ்தான் வேண்டுமென்றால் 0.7 நல்லது. இரண்டும் சரியே, ஆனால் இரண்டாவது எல்எஸ்3/5ஏ அல்ல.

கொள்ளளவைக் கணக்கிடும்போது உள் அளவுகளைப் பெருக்கி, மூலை ரீப்பர், ஊஃபரின் பின்பகுதி, கிராஸ்ஓவர் மூன்றையும் கழிக்க மறக்காதீர்கள். 5 லிட்டரில் அரை லிட்டர் என்பது பத்து சதவீதம். 50 லிட்டர் பெட்டி கட்டுபவருக்கு இந்தக் கவலை இல்லை.

கனமான பலகைதான் நல்லதா?

இந்த இடத்தில் பிபிசியின் போக்கு பொதுவான நம்பிக்கைக்கு எதிரானது. நம்மில் பலர் 25 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால்தான் நல்ல பெட்டி என்று நினைக்கிறோம். எல்எஸ்3/5ஏ-யின் சுவர் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். மூலைகளில் பீச் மர ரீப்பர். உட்சுவர்களில் தார்ப் படலம், அதன்மேல் ஃபோம்.

எந்தப் பலகையும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அதிரத்தான் செய்யும். தடிமனைக் கூட்டினால் அதிர்வு நிற்காது, மேலே நகரும். அப்படி நகர்ந்து குரலின் நடுப்பகுதிக்குள் வந்து நின்றால் காது உடனே பிடித்துவிடும். மெல்லிய பலகையின் அதிர்வு கீழேயே இருக்கும், அதை ஒட்டிய தார்ப் படலம் ஆற்றலை வெப்பமாக்கி அடக்கிவிடும். ஆகவே 18 மி.மீ. பலகை போட்டு 'மேம்படுத்துவது' இந்த வடிவமைப்பில் மேம்பாடு இல்லை. வெளி அளவை மாற்றாமல் தடிமனை மட்டும் கூட்டினால் கொள்ளளவும் குறைந்துவிடும்.

பிர்ச் கிடைக்காவிட்டால் உள்ளே இடைவெளி இல்லாத, அடுக்குகள் அதிகமுள்ள மரைன் பிளைவுட் போதும். வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே தெரியும், ஓட்டை இருக்கும் பலகை ஒலியில் கரகரக்கும். எம்டிஎஃப் போட்டால் விளிம்புகளை உடனே சீல் செய்ய வேண்டும். கடலோர ஈரக்காற்றில் அது உப்பிவிடும். தார்ப் படலத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். கார் கதவுக்குள் ஒட்டும் டாம்பிங் ஷீட் கார் ஆக்சஸரீஸ் கடைகளில் கிடைக்கிறது, பிசின் பின்னாலேயே இருக்கும். பலகையின் நடுப்பகுதி முழுவதும் மூடும்படி ஒட்டுங்கள், மூலைகளில் தேவையில்லை. வெனீர் ஒட்டுவதாக இருந்தால் பலகையின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை சில மாதங்களில் வளைந்துகொள்ளும்.

முகப்பும் ஒலியின் பகுதிதான்

அலைநீளம் முகப்பைவிடச் சிறிதாக இருக்கும்போது ஒலி முன்னால் மட்டும் போகும். கீழ் அதிர்வெண்களில் அலை பெட்டியைச் சுற்றி வளைந்து நாலா பக்கமும் பரவிவிடும், முன்னால் கேட்பது ஏறத்தாழ 6 டெசிபெல் வரை குறையும். இந்த மாற்றத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு: 115-ஐ முகப்பின் அகலத்தால், மீட்டரில், வகுக்கவும். 0.19 மீட்டர் அகலத்துக்கு சுமார் 600 ஹெர்ட்ஸ்.

அதாவது எந்தத் திருத்தமும் இல்லாமல் கட்டினால், 600-க்கு மேலே எல்லாம் தூக்கலாகவும் கீழே எல்லாம் மெலிந்தும் கேட்கும். கீழே கூட்ட வழியில்லை. ஆகவே கிராஸ்ஓவர் மேலே இருப்பதைக் குறைத்துச் சமன் செய்கிறது. எல்எஸ்3/5ஏ-யின் உணர்திறன் சுமார் 83 டெசிபெல்தான். அது குறையாகத் தெரியலாம். சின்னப் பெட்டியில் சமமான ஒலி வேண்டுமென்றால் கொடுக்க வேண்டிய விலை அது. அது தாங்குவதும் 25 வாட்டை ஒட்டித்தான். கல்யாண வீட்டுக்கு இது ஆகாது.

முகப்பில் இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு, இரண்டையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ட்வீட்டரைச் சுற்றித் தடிமனான ஃபெல்ட் பட்டைகள் ஒட்டியிருக்கும். முகப்பின் மீது ஊர்ந்து போகும் ஒலி, பெட்டி விளிம்பில் மோதி மறுபடி கிளம்பி, நேர் ஒலியோடு கலந்து கெடுப்பதை அவை தடுக்கின்றன. கிரில் துணியும் அப்படியே. அளவீடு துணியோடு செய்யப்பட்டது, ஆகவே துணியோடுதான் கேட்க வேண்டும். ஃபெல்ட் இல்லாமல் கட்டிவிட்டு "மேல் ஒலி குத்துகிறது" என்று கிராஸ்ஓவரைக் குறைசொல்வது வழக்கமான காட்சி.

அடுத்தது ஊஃபரைப் பொருத்தும் பக்கம். மூலத்தில் ஊஃபர் முகப்புக்குப் பின்னாலிருந்து பொருத்தப்பட்டது. அழகாக இருக்கும் என்று முன்னாலிருந்து பொருத்தினால் ஊஃபர் 12 மி.மீ. முன்னே வந்துவிடும். இரண்டு டிரைவர்களும் கைமாறும் 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 114 மி.மீ. 12 மி.மீ. என்பது அதில் 38 பாகை. இருவரும் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் ஒருவர் தாளம் தவறுவதற்கு அது போதும்.

கிராஸ்ஓவர்

டிரைவரையும் பெட்டியையும் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்பீக்கரின் குணம் முடிவாவது இங்கே.

புத்தகக் கணக்குப்படி 8 ஓம் ட்வீட்டருக்கு 3,000 ஹெர்ட்ஸில் முதல் நிலைப் பிரிப்பு வேண்டுமென்றால் 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 8 ஓம் ஊஃபருக்கு 0.42 மில்லிஹென்றி காயில். கடையில் விற்கும் ரெடிமேட் போர்டு இந்தக் கணக்கின் ஒரு வகைதான். தவறு எங்கே? எந்த டிரைவரும் 8 ஓம் ஆக இருப்பதில்லை. ஊஃபரின் காயிலுக்கு நேர்மின் தடை 6 ஓம், தூண்டல் 0.5 மில்லிஹென்றி என்றால், 3,000 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 11 ஓம். 8 ஓமுக்குப் போட்ட கணக்கு அங்கே பொய்யாகிறது. ட்வீட்டர் தன் ஒத்திசைவுப் புள்ளியில் இன்னும் மோசமாகத் துள்ளும்.

ஊஃபரின் இந்த ஏற்றத்தைச் சமன்படுத்த ஸோபெல் என்ற எளிய இணைப்பு உண்டு. நேர்மின் தடையை 1.25-ஆல் பெருக்கினால் ரெசிஸ்டர்: 7.5 ஓம். தூண்டலை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர்: சுமார் 9 மைக்ரோஃபாரட். இரண்டையும் தொடராக இணைத்து, ஊஃபரின் இரு முனைகளுக்குக் குறுக்கே போட வேண்டும். ஆனால் இது மின்மறுப்பை மட்டும்தான் சமன்படுத்தும். கோனின் சொந்தக் குணம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கோனுக்கும் தனக்கே உரிய மேடுபள்ளங்கள் உண்டு. பி110-இன் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கோனுக்கும் நடுப்பகுதியில் ஒரு தூக்கல் உண்டு, அதை அடக்கவென்றே மூல கிராஸ்ஓவரில் சில உறுப்புகள் இருக்கின்றன. அவை வேறு கோனுக்கு முன்னால் நின்றால் இல்லாத மேட்டை வெட்டும், அங்கே பள்ளம் விழும்.

15 ஓம் வகையில் ட்வீட்டரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க, டேப்புகள் (சுற்றின் நடுவே எடுத்த இணைப்பு முனைகள்) உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் காயிலே இருந்தது. தயாரிக்கும்போது ஒவ்வொரு ஜோடி டிரைவருக்கும் ஏற்ற டேப்பைத் தேர்ந்து இணைத்தார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல், அப்படியும் தனித்தனியாகச் சரிசெய்தார்கள்.

மறுபதிப்புச் செய்பவர்கள் இங்கே கைவைக்கக் கூடாத சில இடங்கள் உண்டு. காயிலின் தூண்டல் மட்டுமல்ல, அதன் கம்பித் தடையும் கணக்கில் சேரும். 0.3 ஓம் காயில் இருந்த இடத்தில் மெல்லிய கம்பியில் சுற்றிய 0.9 ஓம் காயிலைப் போட்டால், 6 ஓம் ஊஃபரின் மின்பகுதி கியூ பத்து சதவீதம் ஏறும், பேஸ் தளர்ந்துபோகும். கெப்பாசிட்டரை 5 சதவீதத் துல்லியத்தில் வாங்கி, காயில், கெப்பாசிட்டர் மதிப்புகளைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்து, இடது வலது இரண்டுக்கும் ஒத்த மதிப்புள்ளவற்றைப் பிரியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் சாதாரண பாலிப்ரொப்பிலீன் போதும். விலையுயர்ந்த கெப்பாசிட்டர் கொண்டுவரும் வித்தியாசத்தைவிட, ட்வீட்டர் அளவில் ஒரு டெசிபெல் பிசகினால் வரும் வித்தியாசம் பெரிது. ஆனால் மின்முனை உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போட்டுவிடாதீர்கள், மாறுமின்சாரத்தில் அது வெடிக்கக்கூடும். காயில்களை ஒன்றின்மேல் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ வைக்காமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, இடைவெளி விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று பாதித்து, ஊஃபரின் சத்தம் ட்வீட்டருக்குள் கசியும்.

அளவிடுவது

இரண்டாம் வகை நகலுக்கு அளவீடு இல்லாமல் வழியில்லை. செலவும் அதிகமில்லை. அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள், கிராஸ்ஓவரைக் கணக்கிட அதேபோல் இலவசமான விட்யூயிக்ஸ்கேட். மின்மறுப்பை அளக்க 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கணினியின் சவுண்ட் கார்டும் போதும்.

முதலில் பெட்டி முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஃபெல்ட், துணி, உள் ஃபோம் எல்லாம் இருக்க, கிராஸ்ஓவர் மட்டும் இல்லாமல், இரண்டு டிரைவர்களின் கம்பிகளும் தனித்தனியாக வெளியே வந்திருக்கட்டும். ட்வீட்டரை நேரடியாக ஆம்பிளிஃபயரில் செருகாதீர்கள். 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டு, 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் குறைந்த ஒலியில் ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். அந்தக் கெப்பாசிட்டரும் அளவீட்டில் சேர்ந்துவிடும் என்பதால், கணினிக் கணக்கில் அதை மறக்கக் கூடாது. ஒரு தடவை விண்டோஸின் மணிச் சத்தம் முழு ஒலியில் போனாலே சின்ன ட்வீட்டரின் காயில் போய்விடும்.

ஸ்பீக்கரின் முகப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், மைக் அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் பயணிக்கிறது, நேர் ஒலியைவிட 1.6 மீட்டர் அதிகம். நேரத்தில் 4.7 மில்லிசெகண்ட். அதற்கு முன்பே அளவீட்டை வெட்டிவிட்டால் அறை கலக்காது. ஆனால் 4.7 மில்லிசெகண்டில் நம்பத்தக்கதாகக் கிடைப்பது 210 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும்தான். அதற்குக் கீழே, மைக்கை ஊஃபர் கோனின் நடுவிலிருந்து அரை சென்டிமீட்டரில் வைத்துத் தனியாக அளந்து, இரண்டையும் மென்பொருளில் ஒட்ட வேண்டும். கிட்டே வைத்து அளந்ததில் முகப்பின் 6 டெசிபெல் குறைவு தெரியாது, ஒட்டும்போது அதைச் சேர்க்க வேண்டும். தொடக்கக்காரர்கள் இதை விட்டுவிட்டு, பேஸ் ஏராளமாக இருப்பதாக நினைத்து, கடைசியில் மெலிந்த ஸ்பீக்கரோடு நிற்பார்கள்.

யூஎஸ்பி மைக்கில் நேர ஒப்பீடு நேரடியாகக் கிடைக்காது என்பது இன்னொரு சிக்கல். தீர்வு எளிது. மைக்கை அசைக்காமல் மூன்று அளவீடு எடுங்கள்: ஊஃபர் மட்டும், ட்வீட்டர் மட்டும், இரண்டும் சேர்ந்து. மென்பொருளில் முதல் இரண்டைக் கூட்டி, அது மூன்றாவதோடு பொருந்தும்வரை ட்வீட்டரின் தூர வித்தியாசத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். பொருந்தும் எண்தான் உங்கள் பெட்டியின் உண்மையான இடைவெளி. இனி கிராஸ்ஓவர் உறுப்புகளைத் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பத்திரிகைகள் வெளியிட்ட எல்எஸ்3/5ஏ அளவீட்டை இலக்காக வைத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு சிறு மேட்டையும் துரத்த வேண்டாம், 2 டெசிபெலுக்குள் வந்தால் போதும்.

உண்மையாகவே கட்டியபின் ஒரே ஒரு சோதனை. ட்வீட்டரின் கம்பிகளை மட்டும் தலைகீழாக்கி மறுபடி அளந்தால், பெரும்பாலான வடிவமைப்புகளில் கைமாறும் இடத்தில் ஆழமான, இருபுறமும் ஒத்த பள்ளம் தெரிய வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் இரண்டு டிரைவர்களும் அங்கே சேர்ந்து வேலை செய்யவில்லை. பார்த்தபின் கம்பியை மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

தச்சு வேலையில் கெட்டுப்போகும் இடங்கள்

ஆறு பலகைகளையும் ஒரே அமைப்பில், ஒரே நேரத்தில் வெட்டிவாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மூலையில் காற்றுக் கசியும். ஃபெவிகால் தடவி, கிளாம்பு இறுக்கி, ஓர் இரவு விட வேண்டும். கிளாம்பு எடுத்த பிறகு உள் மூலைகளில் விரலால் இன்னொரு முறை பசை இழுத்துவிடுங்கள். முகப்புப் பலகை மூலை ரீப்பரில் திருகால் நிற்கிறது. நிரந்தரமாக ஒட்டிவிட்டால் பின்னாலிருந்து பொருத்திய ஊஃபரை இனி எடுக்கவே முடியாது. இடையில் மெல்லிய ஃபோம் கேஸ்கட் வேண்டும். 4 மி.மீ. திருகுக்கு முன்னதாக 2.5 மி.மீ. துளை போடாவிட்டால் ரீப்பர் பிளக்கும்.

கசிவைப் பார்க்க, ஊஃபரின் கோனை விரல்களால் ஓரத்தில் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். நன்றாக மூடிய பெட்டியில் அது சோம்பலாகத் திரும்பும். சட்டென்று துள்ளினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, பெரும்பாலும் கம்பி வெளியே வரும் டெர்மினலில். சுருதி ஏறும் ஸ்வீப் ஓட்டினால் கசியும் இடம் உஸ்ஸென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ட்வீட்டர் திருகும்போது கையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் திருப்புளி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நழுவினால் நேரே ட்வீட்டரின் குவிந்த நடுப்பகுதியான டோமில் போய்க் குத்தும். ட்வீட்டர் முகத்தில் அட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, திருப்புளியின் முனையைக் கையால் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

ஒரு வார்த்தை பெயரைப் பற்றி. தன் வீட்டில் கேட்பதற்குக் கட்டினால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதில் மூலத்தின் பெயர்ப்பலகையை ஒட்டி விற்றால் அது போலி.

முதல் கேட்பு

பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். பேச்சிலிருந்து தொடங்குங்கள். நன்றாகத் தெரிந்த ஒருவரை அதிக எதிரொலி இல்லாத அறையில் பேசவைத்துப் பதிவு செய்து, அவரைப் பக்கத்தில் நிற்கவைத்தே போட்டுப் பாருங்கள். குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கனத்தால் முதலில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டர் நகர்த்துங்கள், பிறகுதான் பெட்டியின் கியூவைச் சந்தேகியுங்கள். மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேடு அடங்கவில்லை. 'ச', 'ஸ' ஒலிகள் சீறினால் ட்வீட்டர் தூக்கல். மூன்று டெசிபெல் குறைக்க 8 ஓம் ட்வீட்டருக்கு 2.3 ஓம் தொடராகவும், ட்வீட்டருக்குக் குறுக்கே 19 ஓமும் போட வேண்டும். ஆனால் முதலில் ஒரு டெசிபெல் மட்டும் குறைத்துப் பார்ப்பது நல்லது: 0.9 ஓமும் 66 ஓமும், கடையில் கிடைக்கும் 1 ஓமும் 68 ஓமும் போதும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி, மற்றதோடு மாற்றி மாற்றி ஒரே குரலைக் கேட்டு, பிறகு இரண்டாவதைத் திறங்கள்.